வாலோடா, வால் இல்லாமலா?

குளத்துக்குக் காவல் நின்ற சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாததா? இந்த வேலையில் மீன்காரனுக்கு நாம் முதலாளியின் ஆள், முதலாளிக்கு நாம் மீன்காரனின் ஆள். நான் நின்றது பாறசாலைப் பக்கம் ஒரு பெரிய குளத்தில். எல்லைப் போராட்டம் கொதித்த வருஷங்கள். மலையாளத்துக்குக் கீழே இருந்த நம்ம பகுதி தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று காலையில் ஒரு சேதி வரும், சாயங்காலம் வேறொன்று. ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளாது.

ஒரு மீனுக்கு ரெண்டு நீளம்

குளத்துக்கு ரெண்டு குத்தகைக்காரர்கள். சாணுக்குக் குறைந்த வராலைத் திரும்ப விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வலை பறிபோகும் என்பது ரெண்டு கரைக்கும் சட்டம். ஆனால் கீழக்கரையில் வாலோடு அளப்பார்கள். எங்கள் மேலக்கரை முதலாளிக்கு வால் கணக்கிலேயே கிடையாது. கோடு வெட்டிய கம்போடு நான் நிற்பேன். தாசையன் என்ற மீன்காரன், வாலைச் சேர்த்தால் மட்டும் சாண் தொடுகிற ஒரு வராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அக்கரையில இது மீனு, இக்கரையில குஞ்சு. நடுக்கொளத்துல இதுக்குப் பேரு என்னவாக்கும், அண்ணே?"

கம்பு போன வழி

ஊர்வலம் நடக்கிற நாளில் எவனாவது கம்போடு பனச்சமூட்டுச் சந்தைக்குப் போவானா? நான் போனேன், புத்தி கெட்டவன். சந்தியில் மலையாளத்துப் போலீஸ்காரர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். "மீன் அளக்குத கம்பாக்கும், ஸாரே" என்று கெஞ்சினேன். கோடுகளைத் தடவிப் பார்த்தார். கம்பை வண்டிக்குள் எறிந்துவிட்டுக் கேட்டார்:

"மீனினெ அளக்கானோ, அதோ ஞங்ஙள் போலீஸ்காருடெ முதுகு அளக்கானோ?"

வலை

கம்பு இல்லாமல் கையால் சாண் போட்டேன். என் விரல்கள் குட்டை. எல்லா மீனும் பாஸ்! சேதி முதலாளி காதுக்குப் போயிற்று. மறுநாள் அவரே வந்து தன் நீள விரல்களை விரித்துச் சாண் போட்டார். தாசையனுடைய மீன் ஒன்றுகூடத் தேறவில்லை. அவனுடைய வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வலையால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் என் குட்டை விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"கீழக்கரைத் தண்ணியில பிடிச்சதாக்கும், மொதலாளி. அங்க வாலும் சேர்த்தி" என்றான் தாசையன்.

"எல்லை தாண்டி இங்க கொண்டு வந்தா, இங்கத்த சட்டம்தாம்லே!"

முந்தின நாள்தான் சந்தியில் நடந்த போராட்டக் கூட்டத்தில் முதலாளி தொண்டை கிழியப் பேசியிருந்தார். தாசையன் அவரை நேராகப் பார்த்தான். குளிக்க வந்தவர்களெல்லாம் கரைப்பக்கம் நெருங்கி வந்தார்கள்.

"இந்த மண்ணுக்க நடுவுல எவனும் கோடு போடப்பிடாதுன்னு நேத்து மைக்குல சொன்னது நீருதானே? கொளத்துல மட்டும் நீரு போடலாமா, மொதலாளி?"

வலை கீழே விழுந்தது. குளமே சிரித்தது, முதலில் சிரித்தவன் நான். அன்றோடு என் வேலையும் போயிற்று.

அளவெடுக்கிற வேலையில் இருப்பவன் சிரிப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை.