அவசரப்பட்டு உடைத்த வளையல்

என் கணவருக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், ரோடு பார்க்கிற வேலை என்பேன். நெடுஞ்சாலைத் துறையா என்பார்கள். நானும் திருத்துவதில்லை. வடக்கே மலைப்பகுதியில், விடிந்ததும் பட்டாள வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், சாலையில் யாராவது குண்டு புதைத்திருக்கிறார்களா என்று நடந்தே தேடிப் பார்க்கிற குழுவில் இருக்கிறார். அவர்கள் நடந்து முடித்த பிறகுதான் லாரிகள் வரும். லாரிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மனிதர்களை முன்னால் அனுப்புகிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கரண்ட் பியூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறைத் தட்டி எடுக்கிறேன். உடைந்த கட்டைகள் சில எங்கள் வீட்டிலும் கிடக்கும். ஒரு லீவில் அவர் அவற்றைத் தரையில் பரப்பி எனக்குக் கமாண்டு என்கிற பட்டாளத் தலைமையைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

“இந்த வரிச எல்லை. இதுக்கு அந்தாண்ட அவங்க நிக்கறாங்க. இதெல்லாம் உள்ள இருக்கற ஊருங்க, காடுங்க. நாங்க இங்க. எல்லையில நிக்கறவன், காட்டுல தேடறவன், எல்லாத்துக்கும் சேத்து ஒரே கமாண்டுதான். ஜெனரலு இங்க உக்காந்திருப்பாரு” என்று சுவரோரமாக ஒரு கட்டையை வைத்தார். அங்கே உடையாமல் முழுசாக இருந்த கட்டை அது ஒன்றுதான்.

எல்லையில் எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியுமாம். உள்ளே அதுவும் தெரியாதாம். ஒரு வாரம் ஒரு வீட்டுக்குள் புகுந்து அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்துச் சோதனை போடுவார்கள். அடுத்த வாரம் அதே ஊரில் மருத்துவ முகாம் போட்டு, அதே வீட்டுப் பெரியவருக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். இரண்டுக்குமே உத்தரவு கமாண்டிலிருந்துதான் வருமாம்.

“வாங்கிக்கறாரா?” என்று கேட்டேன்.

“வாங்கிக்கறாரு. எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு.”

அங்கே தேடுதல் தொடங்கினால் முதலில் செல்போன் சிக்னலைத்தான் நிறுத்துவார்கள். அதனால் அவர் போன் கிடைக்காத நாட்கள் எனக்குப் பழகிப்போனவை.

ஒரு மதியம் பட்டறையில் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவளின் செல்லில் செய்தி வந்தது. தீவிரவாதிகளுடன் நடந்த சண்டையில் கடலூர் மாவட்டத்து வீரர் ஒருவர் பலி. பெயர் இல்லை. குடும்பத்துக்குச் சொன்ன பிறகே பெயரை வெளியிடுவோம் என்று கமாண்டின் சார்பில் பேசிய அதிகாரி சொல்லியிருந்தார். நல்ல வழக்கம்தான். எங்கள் ஊருக்குத்தான் அவ்வளவு பொறுமை கிடையாது. அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஊர்ப் பையன் அவன் ஒருத்தன்தானே என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் ஊர்ப் பாலக்கரை முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். எங்கள் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டி எறிந்துவிட்டு, அவரை மட்டும் எடுத்திருந்தார்கள். பின்னால் தேசியக் கொடி, கீழே ‘வீரவணக்கம்’. அதற்கும் கீழே ஃப்ளெக்ஸுக்குப் பணம் போட்டவர்களின் முகங்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

அவர் போன் கிடைக்கவில்லை; தாலுகா ஆபீசில் விசாரித்தோம். தங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை என்றார்கள். அதை நான் பிடித்துக்கொண்டேன். தகவல் வர நேரமாகும் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் மாமியாரின் அக்கா வந்தார். நான் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர். மாமியார் மூலையில் மயங்கிக் கிடந்ததால் அதிகாரம் அவர் கைக்கு வந்துவிட்டது.

“மிலிட்டரிக்காரங்க பொட்டியோட வந்துட்டா நம்மளக் கிட்டவே வுட மாட்டாங்க. கம்மாபுரம் பக்கம் ஒரு சாவுல பாத்தேன். மால போட்டாங்க, துப்பாக்கிய சுட்டாங்க, தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொண்டாட்டிக்குச் செய்யற சாங்கியம் ஒண்ணுகூட நடக்கல. நாம இப்பவே முடிச்சி வெச்சிடணும்” என்றார்.

இது என்ன கூத்து என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொறுப்பாக ஒரு காரியம் செய்கிற நிறைவுதான் எல்லார் முகத்திலும் தெரிந்தது. என்னை உட்காரவைத்துப் பொட்டை அழித்தார்கள். இரண்டு கையையும் பிடித்து வளையலை உடைத்தார்கள். மணிக்கட்டில் ரத்தம் வந்தது. தாலிக்குக் கை நீண்டபோது, அதை வாயில் போட்டுப் பல்லால் கவ்விக்கொண்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பைத்தியம்தான் என் தாலியைக் காப்பாற்றியது.

அன்று மதியமே போன் வந்தது.

“என்னா, சாப்ட்டியா?” என்றார் என் கணவர்.

அவரே தொடர்ந்தார். “இப்பதான் டவர் வந்துது. எங்க டீம்ல இருந்த திட்டக்குடி தம்பி போயிட்டான். ரோட்டோரத்துலேர்ந்து சுட்டுட்டாங்க. எனக்குப் பின்னாலதான் நடந்து வந்தான்.”

அவர் அந்தத் தம்பிக்காக அழுதார். நான் அவருக்காக அழுதேன். கூடத்தில் இருந்தவர்கள் மெதுவாக எழுந்து வெளியே போனார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. “கண்டம் கழிஞ்சிடுச்சி, இனிமே நூறு வயசு இருப்பான்” என்று சொல்லிவிட்டு, பெரியத்தை காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். ஃப்ளெக்ஸை எங்கள் பட்டறை முதலாளி கேட்டு வாங்கிக்கொண்டார். களிமண் காயாமல் இருக்க அதைத்தான் போர்த்துகிறோம். தினமும் காலையில் என் கணவரின் முகத்தைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மண் அள்ளுகிறார்கள்.

அடுத்த லீவில் வந்ததும் அவர் என்னைத் திட்டக்குடிக்கு அழைத்துப் போனார். அந்தத் தம்பியின் மனைவி என்னைவிடச் சின்னப் பெண். எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் பேசினாள்.

“அண்ணன் ஃப்ளெக்ஸு எனக்கு செல்லுல வந்துதுக்கா. அய்யோ, இவருகூட இருக்கறவராச்சேன்னு அழுதேன். ஒங்கள நெனச்சிதான் அழுதேன். அப்பறம் இவருக்கு ஒண்ணும் ஆவலன்னு கோயிலுக்குப் போயி தேங்கா ஒடைச்சேன்.”

அவளே மேலும் சொன்னாள்.

“உள்ள பூ இருந்துதுக்கா. நல்ல சகுனம்னாரு பூசாரி. அத அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தேன். மறுநாளுதான் சேதி சொல்ல ஜீப்பு வந்துது.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குத்தான் அண்ணன் வந்துட்டாரே. நீங்க ஏன்க்கா வளையலு போடல?”

“அவரு திங்கக்கிழம திரும்ப அந்த ரோட்டுக்கே போறாரும்மா” என்றேன்.