பாடம் கேட்பது

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவளுக்குப் பாடம் கேட்பது என் வேலை. புத்தகத்தை நான் பிடித்துக்கொள்வேன், அவள் ஒப்பிப்பாள். பொருள் புரியாவிட்டாலும் வரி மாறினால் கண்டுபிடித்துவிடுவேன். நர்சிங் முடிக்கும் வரை இப்படித்தான். வேலை பார்க்கும் ரைஸ் மில்லில் நாலு பேர் எதிரில் வாய் திறக்காத நான், அந்த நேரத்தில் மட்டும் அதட்டிப் பேசுவேன்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. காதால் கேட்டு எழுதும் பகுதியில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். இந்த முறையும் போனால் அந்த வேலை வேறு யாருக்கோ. தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், பார்க்க ஒன்றுபோல இருந்து பொருள் மாறும் சொற்களின் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

"பிரிஸ்கிரைப்" என்றேன்.

"மருந்து எழுதிக் குடுக்கறது."

"புரோஸ்கிரைப்."

"கூடாதுன்னு தடுக்கறது."

ஒரே ஓர் எழுத்துதான் வேறு. ஒரு நோயாளியின் உயிர் அதில் இருக்கிறதே.

"பேன்ட்ஸ்?"

"அமெரிக்காவுல நீ போட்டுக்கினு கீறது. இங்கிலாந்துல ஜட்டி."

"அப்போ அங்க வந்தா நான் இன்னாத்தப் போட்டுக்கறது?"

"வேட்டி கட்டிக்கினு வா நைனா" என்று சிரித்தாள்.

இன்னும் சில சொற்கள் போயிருக்கும். திடீரென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதும் நைனா. தப்பா நெனச்சிக்காத. பரீட்சையில வெள்ளக்காரன் பேசுவான். நீ படிச்சா உன் குரல்தான் காதுல நிக்குது. போன தபாவும் அப்படித்தான் ஆச்சி."

போன தடவையும் நான்தான் கேட்டிருந்தேன். புத்தகத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அவளே எடுத்துக்கொண்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

மறுநாள் தேர்வுக்குப் போக உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். பாதி வழியில் இயர்போனைக் கழற்றினாள். என் கையைப் பிடித்தாள், விரல்கள் சில்லென்றிருந்தன.

"படபடன்னு கீது நைனா. எதுனா கேளேன்."

ஒரு சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எந்தச் சொல்லைச் சொன்னாலும் என் குரலில்தானே போய் அவள் காதில் உட்காரும்?

"காத்து ரொம்ப அடிக்குதா? ஜன்னலச் சாத்தட்டுமா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.