பெயரை மட்டும் மறைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிது. அதற்கு முன் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒன்பது வருடம் குப்பை கொட்டினேன். அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் தடித்தடியான அறிக்கைகள் எழுதுவதுதான் வேலை. நாலு அதிகாரிகள் படித்தாலே பெரிய விஷயம்! ஊரே படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்ற ஆசையில் ஒரு நாளிதழின் கருத்துப் பக்கத்துக்கு மாறினேன்.

முதல் கட்டுரைக்காக ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனேன். அங்கே மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரிக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து பொழுதுக்கும் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற ஓர் அக்காதான் இதைச் சொன்னார். "எம்பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

சரியென்று பெயரை விட்டுவிட்டேன். ஆனால் ஆய்வில் பழகிய கை சும்மா இருக்குமா? 'நாற்பது வயது, கணவரை இழந்தவர், இரட்டைப் பெண்களின் தாய்' என்று எழுதிவைத்தேன். அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவோம்.

கட்டுரை வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டு மேல் பாராட்டு. அடுத்த வாரமே பேப்பரைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்க்க ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் ஆளைக் காணோம்; விசாரித்துக்கொண்டு போனால், வீட்டில் இருந்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அந்த ஆலையில் இரட்டைப் பிள்ளை பெற்றவர் அவர் ஒருவர்தான்! ஒன்பது வருட ஆராய்ச்சியில் இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லையே!

வெட்கத்தில் அழுதுவிட்டேன். முதலாளியிடம் பேசட்டுமா, இன்னொரு கட்டுரை எழுதட்டுமா என்று என்னென்னவோ உளறினேன்.

"ஐயோ, வேண்டாஞ் சாமி! நீங்க எழுதுனது பொய்யில்லைங்க. ஆனா இன்னொருக்கா எழுதுனா வேற எந்த ஆலையிலயும் என்னயச் சேர்த்துக்க மாட்டாங்க" என்றார்.

கிளம்பும்போது அவரே சொன்னார். "அங்க கக்கூஸ் கட்ட ஆரம்பிச்சுட்டாங்களாமுங்க." கோபமாகச் சொன்னாரா, திருப்தியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. சந்தோஷப்படுவதா, தலைகுனிவதா என்று தெரியாமலே பஸ் ஏறினேன்.

என் எழுத்தால் ஏதாவது நல்லது நடந்ததா என்று யார் கேட்டாலும் அந்தக் கழிப்பறையைச் சொல்ல வாயெடுக்கிறேன். அந்த அக்கா எதிரில் இருந்தால் சொல்வேனா என்று யோசித்து, இன்றுவரை சொல்லாமலே இருக்கிறேன்.