மாடிக் குளியலறையின் தரை

நகை செய்யும் பத்தரின் பட்டறைக் கூரையில் ஈரம் படர்ந்த ஒரு வட்டம் இருந்தது. முதலில் உள்ளங்கை அகலம். ஐப்பசி மாதம் முடிவதற்குள் முறம் அளவு. அவர் நகை ஊதும் இடத்துக்கு நேர் மேலே அது இருந்ததால் பலகையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார். என்னிடம் குறை சொல்லவில்லை. நானாகக் கேட்டபோதும், “அங்குட்டு சொட்டுது, அதான் இங்குட்டு வந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

காரைக்குடியில் எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். கீழே பத்தர் குடும்பம். மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் கணவரும். நான் வேலை பார்த்தது சிங்கம்புணரியில். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து, பழுதானவற்றைக் கேட்டுக்கொண்டு போவேன். மோட்டார் ஓடவில்லை, தாழ்ப்பாள் பொருந்தவில்லை என்று வருபவற்றையெல்லாம் ஆள் வைத்துச் சரிசெய்துவிடலாம். அந்த ஈரத்தை அப்படிச் செய்ய முடியவில்லை. மாடிக் குளியலறையின் தரையை முழுதும் இடிக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார் கொத்தனார். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்?

“தப்பு எங்க மேலதான் தம்பி. இவுகளுக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை ஒடம்பு கழுவிவிட வேண்டியிருக்கு. தண்ணி நெறையப் பொழங்குது” என்றார் டீச்சர்.

காரணம் அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். மாடி எழுப்பியபோது, நீர் இறங்காமலிருக்கத் தரைக்கு அடியில் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும் என்று இதே கொத்தனார் சொன்னார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டாமென்றவன் நான். “பாத்துக்கலாம் டீச்சர்” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

டீச்சர் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிடு என்றார்கள் உறவினர்கள். அந்த முடிவோடுதான் அடுத்த ஞாயிறு போனேன். படியேறப் போனவனைப் பத்தர் நிறுத்தினார்.

“காலி பண்ணச் சொல்லப் போறீகளா?”

ஆமென்று தலையசைத்தேன்.

“மேல இருக்க அய்யா, வேலை முடியுற வரைக்கும் நம்ம பட்டறையில இருக்கட்டும். இங்கன குளியலறை பக்கத்துலயே இருக்கு. என் வேலைய மச்சான் கடையில வச்சுச் செஞ்சுக்கிறேன்” என்றார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். டீச்சரின் கணவரை நாற்காலியில் உட்கார்த்தி, நானும் பத்தரும் கீழே இறக்கினோம். படி குறுகல். முன்பக்கத்தைப் பிடித்த பத்தர் பின்னோக்கியே இறங்கினார். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது, பெரியவர் செயலிழக்காத கையால் பத்தரின் தலைமுடியைப் பற்றிக்கொண்டார். பத்தர் கீழே வந்து சேரும்வரை தலையை அசைக்கவில்லை. அன்று மாலையே நான் ஊர் திரும்பிவிட்டேன். வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. அதன்பிறகு கூரையில் ஈரம் இறங்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெரியவர் காலமானார். டீச்சர் காளையார்கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபின், வெறுமையாகக் கிடந்த மாடியில் பத்தரும் நானும் நின்றோம். அப்போதுதான் அவரிடம் அந்தப் பூச்சு விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும். தரைய ஒடச்ச அன்னைக்கே கொத்தனார் சொல்லிட்டாரு” என்றார் அவர், சன்னல் கதவைச் சாத்திக்கொண்டே. “டீச்சர்கிட்டயும் அப்பவே நான் சொல்லிட்டேன். தன்னாலதான்னு மருகிக்கிட்டு இருந்தாக, பாவம்.”

ஒவ்வொரு முறை நான் போகும்போதும் டீச்சர் காபி கொடுப்பார். பேச்சினிடையே, “வேற எதும் சொல்லணுமா தம்பி?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், இரண்டு ஆண்டுகள்.