பதின்மூன்றாவது வாஷர்

அந்த எஞ்சினைக் கெடுத்தவன் நான். ரேவதி இல்லை.

இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபம்... இதுவும் கோழைத்தனம்தான்.

நான் எட்டாவது படித்தவன். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பது தொழில். வேங்கிக்கால் தாண்டி ஒரு ஷெட்டில் விமான எஞ்சின் செய்யும் சின்னக் கம்பெனி வந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். ஆளில்லாமல் பறக்கும் விமானத்துக்கான எஞ்சின். கைக்குழந்தை அளவுதான் இருக்கும். மொத்தம் பதினெட்டுப் பேர். எஞ்சினைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுவது ரேவதி. கீழ்பென்னாத்தூர்ப் பெண், டிப்ளமோ படித்தவள். அதை ஓட்டிப் பார்க்கும் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவது நான்.

நான்கு வருடம் செய்தோம். வாங்க ஆள் இல்லை. வங்கியும் கைவிரித்தது. கடைசியில் முதலாளி அரசாங்கத்திடம் உதவி கேட்டார். எஞ்சின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும், அதிகாரிகள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும், அதன் பிறகே உதவி என்று பதில் வந்தது.

எங்கோ பெரிய கம்பெனி நொடித்தால் யாரும் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. அது விழுந்தால் நாட்டுக்கே நஷ்டமாம். நாங்கள் விழுந்தால் எங்களுக்கு மட்டும்! இருக்கட்டும். என் குற்றத்துக்கு அது சாக்கு இல்லை.

அதற்கு முன் இரண்டு முறை எஞ்சின் பாதியில் நின்றிருந்தது. காரணத்தைத் தேடிச் சரிசெய்தவள் ரேவதி. அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவர்கள் வரும் நாள் காலை கோயில் வாசலில் ஒரு செம்புத் தாயத்து வாங்கினேன், சிவப்புக் கயிறோடு. என் கை பட்ட கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறேன். ரேவதி பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா கையில?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு பாதுகாப்புக்கு..."

"அதுக்குள்ள ஒரு தூசி போவக் கூடாதுண்ணா. சாமிய கொஞ்ச நேரம் வெளிய நிக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் அவருக்கு நானே காபி வாங்கித் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் வயதுப் பெண் எனக்குச் சொல்கிறாளே என்று உள்ளே சுருக்கென்றது. பக்தியில் மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

அவள் அதிகாரிகளை அழைத்துவர வாசலுக்குப் போனாள். எஞ்சின் காற்று இழுக்கும் வாயில், கல் போகாமலிருக்க ஒரு கம்பி வலை உண்டு. வெளியே கட்டினால் அவள் கண்ணில் படும். வலையைக் கழற்றினேன். தாயத்தை அதன் உள்பக்கம் கட்டினேன். திரும்ப மாட்டினேன். கும்பிட்டேன்.

நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு தகரத்தில் ஆணி கொட்டியது போல ஒரு சத்தம். புகை. அதன் பின் ஒன்றுமில்லை...

பிரித்துப் பார்த்தார்கள். சுழலும் இறக்கைகள் நுனி நுனியாக உடைந்திருந்தன. அடியில் நசுங்கிய ஒரு செம்புத் துண்டு. கயிறு எரிந்துபோயிருந்தது.

"செம்பு வாஷர் மாதிரி இருக்கே" என்றார் ஓர் அதிகாரி. எரிபொருள் குழாய்க்கு நாங்கள் செம்பு வாஷர் போடுவதுண்டு. போட்டவள் ரேவதி.

"பன்னண்டு எண்ணி எடுத்தேன் சார். பன்னண்டும் போட்டுட்டேன்" என்றாள்.

"அப்ப பதிமூணாவது வானத்துலருந்து விழுந்துச்சாம்மா?" முதலாளியின் குரல் உடைந்திருந்தது.

அவள் என் பக்கம் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, காலையில அந்தத் தாயத்து..."

"அத அப்பவே என் வண்டியில கட்டிட்டேன்மா."

நம்பினாள்! போய்ப் பார்க்கக்கூட இல்லை. மாலையில் அதே கடையில் இன்னொன்று வாங்கி வண்டியில் கட்டினேன். யாராவது பார்த்தால் இருக்க வேண்டுமே.

அதிகாரிகள் டீ கூடக் குடிக்காமல் போனார்கள். உதவி இல்லை என்று கடிதம் வந்தது. ஷெட் மூடப்பட்டது. இப்போது அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ரேவதி வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்த வாஷர் கதை அவளுக்கு முன்னால் போய் நின்றது. டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

சொல்லப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். மறுநாளே முதலாளி வீட்டு கேட் வரை போனேன். நாய் குரைத்தது. திரும்பிவிட்டேன். நாய் மேலா பழி போடுவது?

போன வாரம் மழையில் அவள் கடை வாசலில் நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வெச்சிருக்கீங்களாண்ணா இந்தத் தாயத்த?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அன்னைக்கு உங்கள கிண்டல் பண்ணேன். எஞ்சின்ல கட்ட விட்டிருந்தா ஒருவேள ஓடியிருக்குமோ என்னவோ. நான்தான் எண்ணிக்கையில கோட்ட வுட்டுட்டேன் போலண்ணா. பதினேழு பேர் வயித்துல அடிச்சிட்டேன். நீங்க ஒருத்தர்தான் என்ன ஒரு வார்த்த திட்டல."

திட்டவில்லை. உண்மைதான்.

பஸ் ஸ்டாண்டு வந்தது. வண்டியை நிறுத்தினேன். ஆறு வருடமாக அடைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"தண்ணி தேங்கியிருக்கு, பாத்து எறங்கும்மா" என்றேன்.