ரோஸி மாவுஷியின் ஐஸ் பெட்டி

பிளாஸ்டரை ரோஸி பல்லால்தான் கிழிக்கிறாள். கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் கத்தரிக்கோலை அவள் எடுத்து யாரும் பார்த்ததில்லை. "கத்திரிய எடுக்குற நேரத்துல நாலு கணுக்காலக் கட்டிருவேன்." கட்டும்போது கண் காலில் இருக்காது, ஆட்டக்காரியின் முகத்தில் இருக்கும். "வலிக்கான்னு கேட்டா வாயி 'இல்ல'ன்னுரும். புருவம் சொல்லிரும்."

வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி ஆயா. இப்போது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கட்டுப்போடும் வேலை. வார்டில் ஆயாக்களைச் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் 'மாவுஷி' இங்கும் கூடவே வந்துவிட்டது. தாராவியிலிருந்து வரும் வழியில், மீன்காரியிடம் தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வருவாள். "பாங்டா மீன் வாடை அடிக்குது மாவுஷி" என்று யாராவது மூக்கைப் பிடித்தால், "வீங்குன காலு மட்டும் மணக்குமாக்கும்" என்பாள்.

தலையில் அடிபட்டவளிடம் ஒரே கேள்விதான். "காலைல என்னட்டி தின்ன?" ஆட்ட நாளில் காலை உணவைப் பரிமாறுபவள் அவள், விடை அவளுக்குத் தெரியும். தடுமாறினால் வெளியே உட்கார வேண்டியதுதான். தலையில் அடிபட்டு, தானே நடந்து வந்து, டீ கேட்டு வாங்கிக் குடித்து, ஒரு மணி நேரத்தில் போய்ச்சேர்ந்த ஒருவனை வார்டில் துடைத்து அனுப்பியவள் அவள்.

இந்த வருடம் அணி ஒரு ஆட்டமும் தோற்காமல் இறுதிக்கு வந்தது. ஒன்பது கணுக்கால், இரண்டு விரல், ஒரு பல். ரோஸிக்கு சீசன் என்றால் இவ்வளவுதான். கல்லூரி கோப்பையைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது.

இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பத்து நிமிடம் பாக்கி. மாற்று ஆட்டக்காரிகளை எல்லாம் இறக்கியாயிற்று. கார்னரில் வந்த பந்துக்கு எகிறிய கேப்டன் சஃப்ரீன், கோல்கீப்பரின் முழங்கையில் தலை மோதி விழுந்தாள். பிறகு எழுந்து, தானே நடந்து கோட்டுக்கு வெளியே வந்தாள்.

பயிற்சியாளர் வெங்கடேஷ் ஓடி வந்தார். "நல்லாத்தான் நடக்கிறா மாவுஷி. சீக்கிரம் அனுப்புங்க."

ரோஸி அவளை உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இப்ப எத்தன கோலு?"

"உப்புமா, வாழைப்பழம்" என்றாள் சஃப்ரீன், கொஞ்சமும் தயங்காமல்.

ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்டு, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற சாதனா தலையைக் குனிந்துகொண்டாள். மாவுஷி கேட்கப்போகும் கேள்விக்கு, காலையில் பஸ்ஸிலேயே அணி முழுவதும் விடையை மனப்பாடம் செய்திருந்தது.

ரோஸி ஐஸைத் துண்டில் சுற்றி நெற்றியில் வைத்தாள். "அசையாம இரு."

"மாவுஷி, ப்ளீஸ். எனக்குக் கடைசி வருஷம்."

"பத்து பேரோட ஆடுனா தோத்துருவோம்." வெங்கடேஷின் குரல் இறங்கியிருந்தது. "காலேஜுல நான் என்னன்னு சொல்றது?"

"தோத்துட்டோம்னு சொல்லுங்க சார்."

நடுவர் உள்ளே வரச்சொல்லிக் கையை அசைத்தார். சஃப்ரீன் எழுந்திருக்கக் கையூன்றினாள். ரோஸி கழுத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, அவளுடைய இரண்டு ஷூ லேஸையும் நறுக்கி, ஷூக்களை உருவி ஐஸ் பெட்டிக்குள் போட்டு, மூடியின்மேல் உட்கார்ந்தாள்.