பதினான்காம் நாள் மருந்து

அந்தத் தையல்காரிக்கு வீட்டில் பெயர் ‘பாதி’. வைத்தவர் மாமியார். காரணம் இல்லாமலும் இல்லை: பாதி ஓட்டக் கற்ற ஸ்கூட்டர், ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், மூன்றே பாடத்தோடு மூட்டை கட்டிய கணினி வகுப்பு. ஆகவே அவள் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளை வாங்கிவந்து கொல்லையில் விட்ட அன்றே, இது எத்தனை நாளைக்கு என்று மாமியார் கேட்டுவிட்டார். ஒன்றுகூடக் குறையாமல் வளர்த்துக் காட்டுகிறேன் என்று இவளும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் எச்சத்தில் வெள்ளை நூல் கிடந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவளுக்கு நூலைக் கண்டால் நூல் என்றுதானே தோன்றும்! மிஷினடியில் சிந்தியதைத்தான் பொறுக்கித் தின்கின்றன என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு வாரம் தையல் அறையைப் பெருக்கித் தள்ளினாள். அறை பளபளத்தது, குஞ்சுகள் எலும்பும் தோலுமாயின. போதாக்குறைக்குத் தும்மல் வேறு. குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மிச்சத் துணிகளை மூன்று அடுக்காக வைத்துத் திரை தைத்து, ஈ நுழைய இடமில்லாமல் கூண்டை மூடினாள். அளவு அவ்வளவு கச்சிதம். இரண்டு நாளில் சின்னச் சேவல் ஒன்று கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, கர்கர்ரென்று மூச்சுக்கு அல்லாடியது.

அன்றைக்குத்தான் ஒரு நூலை ஊசி முனையால் தூக்கிப் பார்த்தாள். நூல் நெளிந்தது. எச்சத்தை ஒரு டப்பாவிலும் சேவலை ஒரு பையிலும் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார். குடல் நிறையப் புழு, மூச்சுக்குழாயில் சளி. கூண்டு எப்படி என்று கேட்டார். திரையைப் பற்றி இவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“காத்தை வெளியில நிறுத்திட்டு, எச்சத்தோட நெடியை உள்ள வெச்சுத் தைச்சிருக்கீங்க. முதல்ல அதைப் பிரிச்சுப் போடுங்கம்மா,” என்றார்.

சளிக்கு ஏழு நாள் மருந்து. புழுவுக்கு இன்று ஒரு தடவை, பதினான்காம் நாள் இன்னொரு தடவை. நடுவில் நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து என்று சொல்லி அனுப்பினார்.

கூண்டின் மேல்பாதியைத் திறந்துவிட்டாள். ஈர மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினாள். சேவலைத் தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, தினமும் சொட்டுச் சொட்டாக மருந்து புகட்டினாள். நாலாம் நாள் குஞ்சுகள் துள்ளித் திரிந்தன. அவைதான் தேறிவிட்டனவே, இன்னும் எதற்கு மருந்து என்று கணவர் கேட்டார். அவளுக்கும் கை தளர்ந்தது உண்மை. ஆனால் ஆணியில் தொங்கிய ஒற்றைக் கை ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. எழுந்துபோய் மருந்தைக் கலக்கினாள்.

பதினான்காம் நாள் காலையில் தண்ணீர் காட்டாமல் தாகமெடுக்க விட்டாள். ஒழுகும் குழாயடியில் குடித்துவிடுமோ என்று அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்தாள். அதன்பிறகே மருந்துத் தண்ணீரை வைத்தாள். பன்னிரண்டும் முட்டி மோதிக் குடித்தன. அடுத்த வாரம் எச்சத்தைக் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். ஒரு நூல் இல்லை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு விடியற்காலை அந்தச் சேவல் குழாயடி வாளிமேல் ஏறி, முதல்முறையாகக் கூவப் பார்த்தது. குரல் கரகரத்து நடுவிலேயே நின்றது.

“பாதி வளர்த்தது வேற எப்படிக் கூவும்?” என்றார் மாமியார், பல் துலக்கிக்கொண்டே.

சேவல் கழுத்தை நீட்டியது. அன்று மூச்சுக்காக நீட்டிய அதே கழுத்து. இந்தத் தடவை தெருவே எழுந்து உட்காரும்படி கடைசிவரை கூவி முடித்தது.

மாமியார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கொல்லையில் மேய்ந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டு. இன்னொரு தடவை எண்ணினார்.

“எனக்கும் நாலு குஞ்சு வாங்கிட்டு வாம்மா,” என்றார். “நீதான் பாத்துக்கணும்.”

அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவளை யாரும் ‘பாதி’ என்று கூப்பிடவில்லை.